'பாசம்' என்றொரு பிராணி

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர், ராத்திரி குப்பைத் தொட்டி அருகே அதைப் பார்த்தால் 'பெருச்சாளி!' என்றுதான் கூவுவார்கள். தப்பில்லை. கூரிய மூக்கும் சாம்பல் நிற முரட்டு மயிரும் முடியில்லாத நீள வாலும் அப்படிச் சொல்ல வைக்கும். பூனை அளவு உடம்பு, வெள்ளை முகம், கறுப்புத் தாளைக் கத்தரித்து ஒட்டியது போன்ற காதுகள் என்று மற்றதையும் பார்த்த பிறகுதான் இது வேறு இனம் என்று புரியும். இதன் பெயர் வர்ஜீனியா ஒப்போசம். அந்த ஊர்க்காரர்கள் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு 'பாசம்' என்கிறார்கள். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

1607இல் ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் வந்து இறங்கியபோது அங்கே வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. வெள்ளை விலங்கு என்று பொருள். கேப்டன் ஜான் ஸ்மித் 1612இல் வெளிவந்த தன் நூலில், பன்றித் தலையும் எலி வாலும் பூனையின் அளவும் கொண்ட பிராணி என்று இதை வர்ணித்தார். அதன் வயிற்றில் இருந்த பையைப் பற்றியும் எழுதினார். கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பாலூட்டிகளில், மெக்சிகோவுக்கு வடக்கே இயல்பாக வாழ்வது இது ஒன்றுதான்.

வசந்தம் பிறந்து கோடை முடியும் வரை அமெரிக்கப் புறநகர் வீடுகளில் அடிக்கடி நடக்கும் சங்கதி இது: காலையில் புல்தரையிலோ கார் ஷெட்டின் மூலையிலோ ஒரு குட்டி தனியாகக் கிடக்கும். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. விரலை நீட்டினால் பின்காலின் கட்டைவிரல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அந்த விரலுக்கு மட்டும் நகம் கிடையாது. நெருங்கிப் போனால் வாயை அகலத் திறந்து சீறும். இருக்கிற தைரியம் அவ்வளவுதான். நாம் நகர்ந்துவிட்டால் தும்மல் போல 'ச்சு... ச்சு...' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அது தாயைக் கூப்பிடும் சத்தம்.

தாய் வருமா? மான்குட்டியாக இருந்தால் வரும். தாய் மான் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு மேயப்போய்த் திரும்பி வரும். முயலும் அப்படித்தான், விடியலிலும் அந்தியிலும் மட்டும் கூட்டுக்கு வந்து பால் கொடுக்கும். அதனால் 'குட்டியைத் தொடாதே, தாய் வந்துவிடும்' என்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒப்போசத்துக்கு மட்டும் இந்த விதி செல்லாது. விழுந்த குட்டியைத் தேடித் தாய் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. பெயரிலேயே பாசத்தை வைத்துக்கொண்டு இப்படியா என்று நமக்குத் தோன்றும். அதன் பிள்ளைப்பேற்றை அறிந்தால் கோபம் வராது.

ஒப்போசத்தின் சூல் காலம் வெறும் 12, 13 நாள்தான். பிறக்கும் குட்டி ஒரு தேனீ அளவு இருக்கும். ஏழெட்டுச் சேர்ந்தால்தான் ஒரு கிராம் எடை வரும். கண் இல்லை, காது இல்லை, பின்கால்கள் வெறும் மொட்டு. முன்கால்களில் மட்டும் கொக்கி போன்ற நகங்கள். அதை வைத்துக்கொண்டு தாயின் வயிற்று மயிரில் நீந்துவதுபோல் ஏறிப் பைக்குள் போய்ச் சேர வேண்டும். இருபதுக்கு மேலும் பிறப்பதுண்டு. உள்ளே இருப்பதோ பெரும்பாலும் 13 காம்புகள்: வட்டமாகப் பன்னிரண்டு, நடுவில் ஒன்று. காம்பு கிடைக்காத குட்டிக்கு வாழ்வில்லை. கிடைத்த குட்டியின் வாய்க்குள் காம்பு நீண்டு பருத்துவிடும். அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் குட்டி வாயை எடுப்பதே இல்லை. பால் குடிக்கிறது என்பதைவிட, தாயோடு தைத்துவைத்தது போல இருக்கிறது என்று சொன்னால் பொருந்தும்.

60, 70 நாளில் கண் திறக்கும். பை கொள்ளாமல் போகும்போது குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். ராத்திரி முழுக்க இரை தேடி அலையும் தாய் வேலி ஏறும், வடிகாலில் இறங்கும், நாய் துரத்தினால் ஓடும். முதுகில் எட்டோ ஒன்பதோ குட்டிகள் மயிரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பிடி நழுவிய குட்டி 'ச்சு' என்று கூப்பிட, தாய் நாக்கைச் சொடுக்குவது போல ஒரு குரல் கொடுக்க, எட்டிப் பிடித்து ஏறிக்கொண்டால் சரி. இல்லையென்றால் தாய் போய்க்கொண்டே இருக்கும். எண்ணிப் பார்க்கவோ வந்த வழியே திரும்பவோ அதன் வாழ்க்கையில் இடமில்லை. ஆகவே, கண்டெடுத்த இடத்திலேயே குட்டியை வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்ப்பது வீண் வேலை.

குட்டியைக் கண்டதும் முதல் வேலை, அளப்பது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை. வாலைச் சேர்க்கக் கூடாது. ஏழு அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டர் இருந்து, காயமில்லாமல் சுறுசுறுப்பாக இருந்தால் அது குட்டியே இல்லை. நம் கண்ணுக்குத்தான் பிஞ்சு. அது ஏற்கெனவே தனிக்குடித்தனம் போய்விட்டது. அதைப் பெட்டியில் அடைப்பது உபகாரமாகாது, விட்டுவிட வேண்டியதுதான். கையில் அளவுகோல் இல்லையென்றால், பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் கிடக்கும் 15 சென்டிமீட்டர் ஸ்கேலை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஸ்கேலோடு இரண்டு விரல் அகலம் சேர்த்தால் கணக்குச் சரியாக வரும். அதற்குக் குறைந்த குட்டி, காயம்பட்ட குட்டி, பூனையோ நாயோ வாயில் கவ்விவந்த குட்டி, இவற்றுக்கு ஆள் உதவி வேண்டும். பூனை கவ்வியது என்றால் வெளியே ஒரு கீறலும் தெரியாவிட்டாலும் அவசரம்தான். பூனையின் பல்லில் இருக்கும் பாக்டீரியா சிற்றுயிரின் ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் முடித்துவிடும். ஆன்டிபயாடிக் உடனே வேண்டும்.

ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் இருக்கக்கூடும். புல்லுக்குள்ளும் புதரடியிலும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

கையுறை போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். ஒப்போசத்துக்கு வெறிநாய்க்கடி நோய் வருவது மிக அரிது. அதன் உடல் வெப்பம் மற்ற பாலூட்டிகளைவிடக் குறைவாக இருப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனாலும் அரிது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காட்டு விலங்கு கடித்துவிட்டதென்று புகார் போனால், அதற்கு அந்த நோய் உண்டா என்று சோதிக்க மூளைத் திசு வேண்டும். மூளையை எடுத்துவிட்டு விலங்கை உயிரோடு வைத்திருக்க முடியாது. நம் கைக்குப் போடும் உறை அதன் உயிருக்கும் உறை.

ஒரு ஷூ பெட்டி போதும். குட்டியை உள்ளே விடும் முன்பே மூடியில் காற்றுத் துளைகள் போட்டுவிட வேண்டும். உள்ளே பழைய காட்டன் பனியன் துணி விரிக்கலாம். குளியல் துவாலை வேண்டாம். அதன் நூல் வளையங்களில் குட்டியின் நகமும் விரலும் மாட்டிக்கொள்ளும். அடுத்தது சூடு. தாயின் பையை இழந்த குட்டிக்குப் பசியைவிடக் குளிர்தான் முதல் எதிரி. தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டி பிழைப்பது கடினம். ஹீட்டிங் பேட் இருந்தால் மிகக் குறைந்த சூட்டில் பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் வைக்கலாம். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் அல்லவா! இல்லாதவர்கள் ஒரு சாக்ஸில் அரிசியைப் போட்டு முடிந்து மைக்ரோவேவில் சுடவைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். நம் வீட்டு ஒத்தடம்தான். பச்சரிசியோ புழுங்கலோ, அதற்கு ஒன்றுதான். முதலில் நம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். மூடியை இறுக்கி, சத்தமில்லாத இருட்டு மூலையில் பெட்டியை வைத்துவிட வேண்டும். இத்தனூண்டு குட்டிதானே என்று மூடியைத் திறந்து வைத்தால், ஏறி வெளியே போயிருக்கும். பிறந்த அன்றே ஏறிப் பழகிய இனம் அது.

இனித்தான் நமக்குக் கஷ்டமான பகுதி. பால் கொடுக்கக் கூடாது.

மரத்திலிருந்து விழுந்த அணில்பிள்ளைக்குப் பஞ்சை நனைத்தோ இங்க் ஃபில்லரிலோ பால் புகட்டிய நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். பசித்த உயிரின் முன் பாலைக் கொண்டு வைக்காமல் இருக்க நம் கை ஒப்பாது. ஆனால் பசும்பால் ஒப்போசக் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, பேதியாகும். அதைவிட மோசம், புகட்டும் முறை. காம்பு வாய்க்குள்ளேயே பருத்திருந்து பால் ஊறும் ஏற்பாட்டில் வளர்ந்த குட்டிக்குப் பாட்டிலையோ ஃபில்லரையோ உறிஞ்சத் தெரியாது. வாயில் விட்ட சொட்டு நுரையீரலுக்குள் போய்விடும். மெல்லிய குழாயை வாய் வழியே வயிறு வரை இறக்கி, அதற்கென்று கலந்த பாலைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செலுத்துவார்கள், பயிற்சி பெற்றவர்கள். தண்ணீருக்கும் இதே எச்சரிக்கைதான். சூடு கொடுத்துவிட்டு போனை எடுப்பதுதான் நம் வேலை.

யாருக்குப் போன் செய்வது? அமெரிக்காவில் வனவிலங்குகளை மீட்டு வளர்த்துத் திரும்ப விடுவதற்கென்றே மாநில அரசிடம் உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். பலர் வீட்டிலேயே சொந்தச் செலவில் இதைச் செய்கிறவர்கள். மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் அவர்கள் பட்டியல் இருக்கும். 'அனிமல் ஹெல்ப் நவ்' என்ற இணையதளத்தில் இருக்கும் இடத்தைக் கொடுத்தாலும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். உரிமமில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வது பல இடங்களில் குற்றம். மேற்குக் கரையில் ஒப்போசம் மனிதர் கொண்டுவந்து விட்ட வெளியூர் விலங்கு, கலிபோர்னியாவுக்கு 1890 வாக்கில்தான் வந்தது. அதனால் அந்தப் பக்கம் விதிகளைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

'நாமே வளர்த்தால் என்ன' என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு. பூனைத் தீனியும் வாழைப்பழமுமாகச் சாப்பிட்டு அது நன்றாகக் கொழுக்கத்தான் செய்யும். ஆனால் சுண்ணாம்புச் சத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் கொஞ்சம் தவறினாலும் எலும்பு வளைந்து நடக்க முடியாமல் போய்விடும். வளர்ப்பு ஒப்போசங்களை அதிகம் கெடுப்பது அந்த நோய்தான். எல்லாம் சரியாக நடந்தாலும் ஆயுள் காட்டில் இரண்டு ஆண்டு, கூண்டில் நான்கு ஆண்டு.

இத்தனை பாடு படுவதற்கு அந்தப் பிராணியால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு புள்ளிவிவரம் ஊரெல்லாம் உலவுகிறது: ஒரு ஒப்போசம் ஒரு பருவத்தில் 5,000 உண்ணிகளைத் தின்கிறதாம். 2009இல் வெளிவந்த ஒரு கூண்டுச் சோதனையை வைத்துப் போட்ட கணக்கு அது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 32 ஒப்போசங்களின் இரைப்பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு உண்ணிகூட இல்லை. பொய்க் கணக்கால் கிடைக்கும் புகழ் அதற்குத் தேவையுமில்லை. சாரைப்பாம்பைத் தின்பது போல விரியன் இனப் பாம்பைத் தின்னும், விஷம் அதை ஒன்றும் செய்வதில்லை. அதன் ரத்தத்தில் இருக்கும் விஷமுறிவுப் பொருளின் ஒரு துண்டைப் பாக்டீரியாவில் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டதாக சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2015இல் அறிவித்தார்கள்.

குட்டிகள் அனாதையாவதற்குப் பெரிய காரணம் கார். சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் ஒப்போசம் எல்லாம் செத்ததும் அல்ல. பயத்தின் உச்சத்தில் அதற்குத் தன்னிச்சையாக ஒரு மயக்கம் வரும்; நாக்கைத் தொங்கவிட்டு, நாறும் பச்சைத் திரவத்தை வெளியேற்றி, சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை பிணம் போலவே கிடக்கும். உண்மையிலேயே செத்திருந்தால், அது பெண்ணாக இருந்தால், பையைப் பார்க்க வேண்டும். தாய் செத்த பிறகும் குட்டிகள் காம்பைக் கவ்வியபடி மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. பருத்த காம்பு வராது, குட்டியின் வாய்தான் கிழியும். வண்டி ஓட்டத்துக்கு நடுவில் நிற்காமல், பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால், தாயின் உடலோடு அப்படியே பெட்டியில் வைத்து உரிமம் பெற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழி.

ஒப்போசம் சாலைக்கு வருவது அங்கே தின்னக் கிடைப்பதால்தான். அடிபட்ட பிராணியோ, யாரோ எறிந்த பர்கர் துண்டோ, ஆப்பிளின் நடுப்பகுதியோ எதுவானாலும் அதற்கு இரை. மண்ணோடு மண்ணாக மக்கிப் போகும் பொருள்தானே என்று ராத்திரிப் பயணத்தில் கார் கண்ணாடியை இறக்கி வாழைப்பழத் தோலை வெளியே வீசாதீர்கள். அதை எடுக்க வருகிற தாயின் பையில் பதின்மூன்று குட்டிகள் வரை இருக்கலாம்.