ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கி மேகசின்களில் வாயுக் கசிவு

ஏர்சாஃப்ட் என்பது 1970களில் ஜப்பானில் தோன்றிய விளையாட்டு ஆகும். இதில் உண்மைத் துப்பாக்கியின் தோற்றமுடைய மாதிரித் துப்பாக்கிகளால் 6 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகள் சுடப்படுகின்றன. வாயுவால் இயங்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் மேகசின் என்பது குண்டுகளை வைக்கும் கூடு மட்டுமன்று. வாயுவைச் சேமிக்கும் கலனும் அதுவே. இந்த வாயுவை வெளியேறாமல் காப்பவை சில சிறிய ரப்பர் வளையங்களே. எனவே கசிவுகளில் பெரும்பாலானவை ரப்பர் பழுதுகளாகவே இருக்கின்றன.

வாயுவும் அழுத்தமும்

ஜப்பானில் எச்எஃப்சி-134ஏ என்ற வாயு பரவலாகப் பயன்பட்டு வந்தது. 20 பாகை செல்சியசில் இதன் அழுத்தம் சுமார் 5.7 பார். பிற நாடுகளில் பயன்படும் 'கிரீன் கேஸ்' பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரொப்பேன் ஆகும். அதே வெப்பநிலையில் புரொப்பேனின் அழுத்தம் சுமார் 8.4 பார், 40 பாகையில் 13 பாரைத் தாண்டிவிடும். புரொப்பேன் எளிதில் தீப்பற்றும்.

கசியும் இடங்கள்

1. நிரப்பு வால்வு: மேகசினின் அடிப்பகுதியில் இருக்கும்.
2. வெளியேற்று வால்வு: பின்புறம் மேலே இருக்கும். சுடும்போது சுத்தியல் தட்ட, இது திறக்கும்.
3. அடித்தட்டு: கலனின் அடிப்பாகம் தனியாக மூடப்பட்டிருந்தால் அங்குள்ள ரப்பர் வழியே கசியும்.

மேகசினின் உச்சியிலுள்ள ரப்பர் உதடு, வெளியேறும் வாயுவைத் துப்பாக்கிக்குள் செலுத்தும் வழி மட்டுமே. சும்மா இருக்கும்போது அங்கே வாயு கசிந்தால், பழுது பொதுவாக வெளியேற்று வால்வில் இருக்கும். உதடு கிழிந்திருந்தால் சுடும் வேகம் குறையும்.

காரணங்கள்

எண்ணெய்ப் பசை வற்றி ரப்பர் காய்ந்து சுருங்குதல், வால்வில் தூசி படிதல், குளிரில் ரப்பர் இறுகுதல், நெடுநாள் காலியாக வைத்தல் ஆகியவை முக்கியக் காரணங்கள். பெட்ரோலிய எண்ணெய்கள் பலவகை ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். ஆகவே சிலிக்கோன் எண்ணெயே ஏற்றது.

கண்டறிதல்

குண்டுகளை எடுத்துவிட்டு, சிறிதளவு வாயு நிரப்பி, மேகசினை நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்த வேண்டும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போல, குமிழி வரும் இடமே கசியும் இடம். பின்னர் நன்கு துடைத்து உலர்த்தாவிட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் துருப்பிடிக்கும்.

சரிசெய்தல்

முதலில் நிரப்பு வால்வில் சில துளி சிலிக்கோன் எண்ணெய் விட்டு வாயு நிரப்பிப் பார்க்கலாம். வாயுவோடு எண்ணெய் உள்ளே பரவி ரப்பரை நனைக்கும். சிறு கசிவுகள் பல இதனாலேயே நின்றுவிடும்.

நிற்காவிட்டால் வால்வை அதற்குரிய சாவியால் இறுக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் வால்வைக் கழற்றி, அதே அளவுள்ள புதிய ரப்பர் வளையத்தை எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும்.

வால்வைத் தொடுவதற்கு முன் வாயுவை முழுவதும் வெளியேற்றுவது கட்டாயம். திரவம் ஆவியாகும்போது மேகசின் குளிர்ந்து உள்ளழுத்தம் குறையும். சீறல் நின்றதால் கலன் காலி என்று தோன்றும். ஆனால் மிஞ்சிய திரவம் மீண்டும் சூடாகி அழுத்தம் தரும். அப்போது கழற்றினால் வால்வு முகத்தை நோக்கித் தெறிக்கலாம். எனவே மேகசின் அறை வெப்பநிலைக்கு வந்தபின் மீண்டும் வால்வை அழுத்திச் சோதிக்க வேண்டும். இதைத் திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்ய வேண்டும். திரவம் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

தடுக்கும் முறைகள்

- அவ்வப்போது சிலிக்கோன் எண்ணெய் இடுதல்.
- சேமித்து வைக்கும்போது சிறிதளவு வாயுவை உள்ளே விட்டுவைத்தல். அந்த அழுத்தம் ரப்பரைத் தன் இடத்தில் பதிய வைக்கும்.
- வெயிலில் நிற்கும் காரிலோ அடுப்பருகிலோ வைக்காதிருத்தல்.
- தயாரிப்பாளர் குறிப்பிட்ட வாயுவை மட்டுமே நிரப்புதல்.

கலனின் உலோகத்திலேயே விரிசல் இருந்தால் பசை பூசி ஒட்ட முயலாமல் அந்த மேகசினைக் கைவிடுவதே பாதுகாப்பானது.