கொள்கை ஏற மறுத்தால் காவலை அணைப்பதா?

கற்பிட்டியிலும் சிலாபத்திலும் கடலுக்குப் போகுமுன் காற்றின் வேகத்தைப் பலரும் பார்ப்பது அன்ட்ரொய்ட் தொலைபேசியில்தான். மீன் விலை கேட்பதும் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே கருவியில். அதற்குள் எஸ்.இ.லினக்ஸ் என்றொரு காவல் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் உருவாக்கி, 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. 2003இல் வந்த லினக்ஸ் 2.6 கருவோடு இணைந்து, 2014இன் அன்ட்ரொய்ட் 5.0 முதல் முழுமையாக அமுலுக்கு வந்தது. உளவு அமைப்பின் சரக்கா என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. ஆனால் மூலநிரல் இருபது வருடங்களுக்கும் மேலாக எல்லோர் கண்முன்னும் கிடக்கிறது.

இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும், ஒவ்வொரு கோப்புக்கும் ‘வகை’ என்ற ஓர் அடையாளம் ஒட்டப்படுகிறது. எந்த வகை எதைத் தொடலாம் என்று எழுதிய விதிகளின் தொகுப்புத்தான் கொள்கை. எழுதாதது எதற்கும் அனுமதி இல்லை. தொலைபேசியில் இந்தக் கொள்கையைத் தயாரிப்பாளரே தொகுத்துத் தந்துவிடுகிறார். லினக்ஸ் சேவையகம் நடத்துபவரோ, புதிய மென்பொருளொன்றுக்குத் தானே விதி எழுதித் தொகுக்கவேண்டி வரலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உடப்புக் கரையில் கரைவலைப் பாடு ஒன்றுக்கு அனுமதி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டின் பெயரே பதிவேட்டில் இல்லையென்றால் அதிகாரி எதில் முத்திரை குத்துவார்? சார்புப் பிழை என்பது இதுதான். விதி ஒரு வகையைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அந்தப் பெயரில் அங்கே யாருமில்லை.

பிழை எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். ‘அறியாத வகை’ என்று தொகுக்கும்போதே நின்றால், விதியில் பயன்படுத்திய பெயரைக் கோப்பின் ‘தேவை’ப் பகுதியில் அறிவிக்க மறந்திருப்பீர்கள். அறிவித்துவிட்டால் தொகுப்பி நம்பிவிடும். அந்த வகை உண்மையில் கணினியில் இருக்கிறதா என்று அது தேடுவதில்லை. அதனால்தான் பலருக்குத் தொகுப்பு சுத்தமாக முடிந்து, நிறுவும்போது விழுகிறது. பழைய கருவிகளில் வரும் ‘தேவைகள் பூர்த்தியாகவில்லை’ என்ற செய்தியிலேயே இல்லாத வகையின் பெயர் இருக்கும். அதைக் கவனிக்காமல் கடைசி வரியில் உள்ள ‘தோல்வி’யை மட்டும் வாசித்துவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள்தான் அதிகம்.

பெயர் கிடைத்ததும் ‘செஇன்ஃபோ’ கட்டளையால் அந்த வகை இருக்கிறதா என்று தேடலாம். இல்லையென்றால், அதைத் தரும் கூறு நிறுவப்படாமலோ முடக்கப்பட்டோ இருக்கலாம். புதிய பதிப்பில் பெயர் மாறியிருக்கலாம். ஃபெடோராவுக்கு எழுதியதை டெபியனில் ஏற்ற முயன்றிருக்கலாம். அந்த வகை இல்லாமலும் மென்பொருள் இயங்குமென்றால், குறித்த விதிகளை அவற்றின் ‘தேவை’ அறிவிப்போடு ‘விருப்பத்தேர்வு’த் தொகுதிக்குள் வைத்தால் போதும்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. தயார்நிலை இடைமுகங்களை அழைக்கும் கோப்பை நேரடியாகத் தொகுத்தால் ‘இலக்கணப் பிழை’ என்று வரும். இலக்கணத்தில் குறையில்லை, அந்த இடைமுகங்களை விரித்துக்கொடுக்கும் மேம்பாட்டுப் பொதியும் அதனோடு வரும் மேக்ஃபைலும்தான் தேவை. மற்றது, புதிய கணினியில் தொகுத்த கூறைப் பழைய கணினி ‘பதிப்பு பொருந்தவில்லை’ என்று தள்ளிவிடும். பழைய கணினியிலேயே தொகுப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர்கள் ஒரே கட்டளையில் காவலை ‘பெர்மிசிவ்’ நிலைக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த நிலையில் மீறல்கள் பதிவாகும், தடுக்கப்படாது. தற்காலிகம் என்று சொல்லித்தான் செய்வார்கள். பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொலைபேசிக்கும் இது பொருந்தும். 2017இன் அன்ட்ரொய்ட் 8.0, கூகுளின் கொள்கையையும் தயாரிப்பாளரின் கொள்கையையும் தனித்தனியாகப் பிரித்தது. ஒன்று மாறினாலும் மற்றது உடையாதபடி பெயர்களைப் பொருத்தும் கோப்பு இடையில் வந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட பழைய தொலைபேசிகளுக்குத் தன்னார்வலர்கள் இயங்குதளம் தொகுக்கும்போது, இந்தப் பொருத்தம் பிசகினால் அதே சார்புப் பிழைதான். சிலர் தீர்க்காமல் ‘பெர்மிசிவ்’ நிலையிலேயே வெளியிட்டுவிடுகிறார்கள். பாவித்த தொலைபேசி வாங்குபவருக்கு வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அதைக் கணினியோடு இணைத்து, ஏடிபி ஷெல்லில் ‘கெட்என்ஃபோர்ஸ்’ என்று கேளுங்கள். ‘என்ஃபோர்சிங்’ என்று பதில் வந்தால் காவல் விழித்திருக்கிறது. ‘பெர்மிசிவ்’ என்று வந்தால் அந்தக் கருவியில் வங்கிச் செயலியை நிறுவாதீர்கள்.