மழலையர் கழுத்தில் ஒரு காவல்: புல்லாவும் ஐம்படைத் தாலியும்

பண்டைய ரோமானியர் அணிகலனைச் செல்வத்தின் அடையாளமாகப் போற்றியதோடு, கண்ணேற்றையும் தீய சக்திகளையும் விலக்கும் காப்பாகவும் நம்பினர். குழிந்த இரு பொன் தகடுகளைப் பொருத்தி, உள்ளே காப்புப் பொருளை அடைத்து, கழுத்தில் தொங்கவிடப்பட்ட ‘புல்லா’ என்னும் பதக்கத்தை அடிமையல்லாத குடிகளின் ஆண் பிள்ளைகள் அணிந்தனர்; வசதி குறைந்தோர் அதனைத் தோலால் செய்துகொண்டனர். பெண் குழந்தைகளுக்குரியது ‘லூனுலா’ எனப்பட்ட பிறை வடிவப் பதக்கம்.

பழந்தமிழகத்தில் இதற்கு இணையாக விளங்கியது ஐம்படைத் தாலி. காக்கும் கடவுளாகிய திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைக்கலன்களின் உருவைப் பொறித்துப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டிய இவ்வணிக்கும், மணவினையில் கட்டப்படும் தாலிக்கும் தொடர்பில்லை. புகார் நகரத்துச் சிறுவர்களின் மழலை வாயிலிருந்து ஒழுகும் நீர் மார்பிலுள்ள ஐம்படையை நனைப்பதாக மணிமேகலை காட்டுகிறது. நகையின் பெயரோடு அதை அணிந்த பிள்ளையின் பருவத்தையும் ஒருங்கே பதிவுசெய்த அருமையான சான்று அது.

ரோமானியச் சிறுவன் வளர்ந்தோர்க்குரிய ‘டோகா’ என்னும் மேலாடையை முதன்முதலாக உடுத்தும் நாளில், புல்லாவைக் கழற்றி இல்லுறை தெய்வங்களான ‘லாரஸ்’களுக்குப் படைத்தான்; பெண்கள் திருமணத்திற்கு முன் லூனுலாவைத் துறந்தனர். தாலி களைதலும் தமிழரிடையே இத்தகையதொரு எல்லையாகவே இருந்தது என்பதைப் புறநானூற்றின் 77ஆம் பாடல் உணர்த்துகிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், கிண்கிணி நீக்கிக் கழல் அணிந்து களம் புகுந்தபோதும் தாலியை இன்னும் களையவில்லை என்று இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். அரசனின் இளமையை உணர்த்த இதைவிடப் பொருத்தமான சான்றைப் புலவர் தேடியிருக்க முடியாது.

இவ்விரு நாடுகளையும் வாணிகமும் இணைத்தது. மிளகும் முத்தும் மேற்கே செல்ல, மத்திய தரைக்கடலின் பவழம் முசிறித் துறையில் வந்திறங்கியதைச் ‘செங்கடல் பயணக் குறிப்பு’ என்னும் கிரேக்க நூல் பதிவுசெய்துள்ளது. இந்திய முத்தை ரோமானிய மகளிர் மதிப்பதுபோல் இந்தியர் பவழத்தை மதிக்கின்றனர் என்றும், அதனை இடர் விலக்கும் பொருளாகக் கருதுகின்றனர் என்றும் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, குழந்தைகளுக்குப் பவழத்தைக் காப்பாக அணிவிக்கும் வழக்கத்தையும் குறிப்பிடுகிறார். கடல் கடந்து வந்தது சரக்கு மட்டும் என்றாலும், அதன்மீது இரு கரையினரும் ஒத்த நம்பிக்கையை வைத்திருந்தது கருதத்தக்கது.

ஐம்படைத் தாலி இன்று அரிதாகிவிட்டது. எனினும், உலர்ந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்துக்குள் அடைத்து அரைஞாணில் கோக்கும் வழக்கமும், கைகளில் கருமணியும் வசம்பும் கட்டும் வழக்கமும் தமிழ்க் குடும்பங்களில் மறையவில்லை. சென்னையின் பெரும்பாக்கம், தாம்பரம் முதலிய புறநகர்களின் அடுக்ககங்களில் குடியேறியுள்ளோரின் பெட்டிகளிலும் பாட்டன் பாட்டி காலத்துத் தாயத்துகள் இருக்கக்கூடும். அவற்றைப் புதுநகைக்காக உருக்கக் கொடுப்பதற்கு முன், படம் எடுத்து, பெயரையும் அணிந்தவர் யார் என்பதையும் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.