துருத்தி அமுக்கிய கை

கம்பம் பள்ளத்தாக்கில் அறுபது வருஷத்துக்கு முன் பியானோவை அறிந்தவர்கள் பெரும்பாலும் டூரிங் டாக்கீஸ் திரையில் அறிந்தவர்கள்தான். கோட் போட்ட கதாநாயகன் மூடியைத் திறப்பான், சோகமாகப் பாடுவான், மறுபடி மூடிவிடுவான். ஊருக்குள் கட்டை என்றால் ஹார்மோனியக் கட்டை. நாடக மேடை, பஜனை மடம், கட்சிப் பொதுக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெட்டியே போதுமானதாக இருந்தது. இத்தனைக்கும் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை உள்ளே விடவில்லை. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தது அந்தத் தடை இருந்த காலத்தில்தான். ஜனங்கள் வானொலியிடம் அனுமதி கேட்டா ரசிப்பார்கள்?

அன்றைக்குக் கட்டை பழகிய விதமே வேறு. நோட்டுப் புத்தகம் கிடையாது. தெரிந்தவர் ஒரு வரி வாசிப்பார். கேட்டவர் அதை முதலில் வாயால் பாடிப் பார்த்து, பிறகு விரலால் தேடிப் பிடிப்பார். கொஞ்சம் முறையாகப் படித்தவர்கள் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் ஓட்டுவார்கள். முதல் காலம் பிசகினால் இரண்டாம் காலத்துக்குப் போக வாத்தியார் விடமாட்டார். மெதுவாக, சுத்தமாக, பிறகு வேகமாக என்று இன்றைய பியானோ ஆசிரியர்கள் தொண்டை வறளச் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் அந்தப் பழக்கத்தில் பாதி உடம்புக்குக் கட்டையில் வேலையே இல்லை. கைப்பெட்டியில் வலக்கை கட்டையில் ஓடும்; இடக்கை பின்னால் துருத்தியை அமுக்கிக் காற்று கொடுக்கும். நாடகக்காரர்களின் கால் ஹார்மோனியத்தில் மிதிக்கும் வேலை காலுக்குப் போய் இரண்டு கையும் காலியாக இருந்தது உண்மைதான். ஆனாலும் பாட்டு ஒற்றை இழையில் போகும் சங்கீதத்தில் இடக்கைக்குத் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆக, பள்ளத்தாக்கின் நல்ல நல்ல ஹார்மோனியக்காரர்களுக்கெல்லாம் காது கூர்மை, வலக்கை கூர்மை. இடக்கை மட்டும் எழுதப் படிக்கத் தெரியாத கை.

அந்தக் கையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது சென்னை. பாவலரின் தம்பி இளையராஜா பட்டணம் போன பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை அடியிலிருந்து கற்றார். ஐந்து கோட்டில் எழுதவும் வாசிக்கவும் தெரிந்துகொண்டார். பின்னாளில் ஏ.ஆர். ரகுமானுக்கும் அதே தன்ராஜ் மாஸ்டர்தான் ஆசான். 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்றே ஒரு பாட்டு உண்டு. இங்கே ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. 1723-ல் அவர் மாணவர்களுக்காகத் தொகுத்த ‘இன்வென்ஷன்’ பதினைந்திலும் இரண்டே குரல்கள். வலக்கை சொன்னதை இடக்கை திரும்பச் சொல்லும், சில சமயம் மறுத்தும் பேசும். துருத்தி அமுக்கிப் பழகிய கைக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

இனி இன்றைய சுருளிப்பட்டி. பன்னீர் திராட்சைப் பந்தலும் சுருளி அருவிக்குப் போகிற கூட்டமும் மாறவில்லை. மாறியது வீட்டுக்குள். ஒரு பையன் 61 கட்டை கீபோர்டைக் கட்டில் மேல் வைத்திருக்கிறான். செல்போன் தலையணையில் சாய்ந்து நிற்கிறது. திரையில் வண்ண வண்ணக் கோடுகள் மேலிருந்து விழ விழ அவன் விரல் துரத்துகிறது. வலக்கை பறக்கிறது. இடக்கை? ‘ஸ்டைல்’ பொத்தானைத் தட்டிவிட்டு ஒற்றை விரலை ஒரு கட்டையில் ஊன்றியிருக்கிறான். டிரம்ஸ், பேஸ், கார்டு மூன்றையும் மெஷினே வாசித்துக் கொடுக்கிறது. தாத்தா காலத்து இடக்கையாவது காற்று கொடுத்தது.

வசதி பெருகவில்லை என்று நான் சொல்லவில்லை. ஹெட்போன் மாட்டினால் நடுராத்திரியிலும் பழகலாம், பக்கத்து வீட்டுச் சண்டை இல்லை. எங்கோ இருக்கும் ஆசிரியர் திரையில் வந்து விரல் எண் சொல்லித் தருகிறார். 2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யை மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை 208-ல் வைத்து வாசித்து, பிறகு 325-க்கு ஏற்றியதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அந்த வீடியோவால் பியானோ ஆசை வந்தது நல்லது. அதோடு வேக வெறியும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பையன் இன்னொன்றும் செய்கிறான். எட்டாவது வரியில் தப்பு வந்தால் முதல் வரிக்கு ஓடுகிறான். மறுபடி அதே இடம், அதே தப்பு. இதனால் முதல் வரி மெருகேறுகிறது, எட்டாவது வரியில் தப்பு மெருகேறுகிறது. 2009-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச் கான்செர்ட்டோவில் ஒரு சிறு துண்டைக் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். மறுநாள் நன்றாக வாசித்தவர்கள் அதிக நேரம் பழகியவர்களும் இல்லை, அதிக முறை வாசித்தவர்களும் இல்லை. தப்பு வந்த இடத்திலேயே நின்று, அதைக் கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, சரியான பிறகே நகர்ந்தவர்கள். சரளி வரிசை வாத்தியார் முதல் காலத்தில் நிறுத்தி வைத்தது இதற்குத்தான்.

ஒரே பாட்டை இரண்டு மணி நேரம் இடிப்பதும் வேண்டாம். சுருளிப்பட்டியில் எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் கவாத்து பண்ணுவதில்லை; ஆளுக்கொரு சமயம் வெட்டுவதால்தான் வருஷம் முழுக்க எங்காவது பழம் இருக்கிறது. பயிற்சியையும் அப்படிப் பிரிக்கலாம். பத்து நிமிஷம் ஸ்கேல், பத்து நிமிஷம் புதுப் பாட்டின் இரண்டே இரண்டு பார் (தாளக் கட்டம்), பத்து நிமிஷம் பழையது, பிறகு திரும்பவும் அந்த இரண்டு பார். மிச்ச வேலையை ராத்திரித் தூக்கம் பார்த்துக்கொள்ளும். காலையில் அதே துண்டு சற்று சுலபமாக வருவது பழகிய எல்லோருக்கும் தெரியும்.

கரண்ட் போனாலும் பயிற்சி நிற்க வேண்டியதில்லை. கட்டையைத் தொடாமல், விரல் போகும் வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கும் பலன் உண்டு. 1995-ல் நரம்பியல் ஆய்வாளர் பாஸ்குவல்-லியோனே குழுவினர் ஐந்து விரல் பயிற்சியை வைத்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். அன்றைய ஹார்மோனியக்காரர் வாயால் பாடிப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைத்தார். இன்றைய பிள்ளை பாடிப் பார்ப்பதே இல்லை. என் கணக்கில் பெரிய நஷ்டம் இதுதான். காதின் துணை இல்லாத விரல், திரையில் கோடு விழுவது நின்றதும் நின்றுவிடும்.

வீட்டில் கீபோர்டு இருக்கிறதா? ஒரு மாசத்துக்கு அந்த ‘ஸ்டைல்’ பொத்தானைத் தொடாதீர்கள். தினமும் முதல் பத்து நிமிஷத்தை இடக்கைக்குக் கொடுங்கள், மெட்ரோனோமை 60-ல் வைத்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டே. மூன்று முறை பிசகாமல் வந்தால் 64-க்குப் போங்கள். வலக்கை காத்திருக்கட்டும்.