கம்பாத் மணிகளின் விலையில் சேராத செலவு

கையால் செய்யப்படும் அணிகலன்களுக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கிராக்கி பெருகி வருகிறது. இயந்திரத்தில் வார்த்த பொருளைவிடக் கைவினைப் பொருள் நேர்மையானது, இயற்கைக்கு ஊறு செய்யாதது என்ற எண்ணம் வாங்குவோரிடையே பரவியுள்ளது. கைவினை என்பதாலேயே ஒரு பொருள் நெறிப்படி உற்பத்தியானது என்று கொண்டுவிடலாமா? இக்கேள்விக்குக் குஜராத் மாநிலத்தின் கம்பாத் நகரில் நடைபெறும் அகேட் மணித் தொழில் தரும் விடை கவனத்திற்குரியது.

தொன்மையும் தொழில்முறையும்

ஆனந்த் மாவட்டத்தில் கடலோரமாக அமைந்துள்ள கம்பாத், முன்னாளில் காம்பே என்ற பெயரால் உலக வணிகர்கள் அறிந்திருந்த துறைமுகம். அகேட் கல்லையும் அதன் சிவந்த வகையான சூதுபவளத்தையும் மணிகளாக்கும் கலை இப்பகுதிக்கு மிகப் பழைமையானது. 1955-இல் தொடங்கிய லோத்தல் அகழாய்வில், சிந்துவெளி நாகரிகக் காலத்து மணிப் பட்டறை ஒன்று வெளிப்பட்டது. மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலும் இந்தியச் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளுக்கும் மூலக்கல் மேற்கிந்தியாவிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து.

கல் கிடைக்குமிடம் வேறு, மணியாகுமிடம் வேறு என்பது இத்தொழிலின் சிறப்பியல்பு. பரூச் மாவட்டத்தின் ரத்தன்பூர்ப் பகுதியில் கல் தோண்டப்பட்டுக் கம்பாத்திற்குக் கொண்டுவரப்படுகிறது. கற்களை வெயிலில் உலர்த்தி, மண்சட்டிகளில் இட்டு, மரத்தூளும் சாணமும் மெல்லக் கனலும் மூட்டத்தில் சுடுவர். கல்லிலுள்ள இரும்புச் சேர்மம் வெப்பத்தால் மாறுதலடைவதால் மங்கிய மஞ்சள் நிறம் செந்நிறமாகிறது. அடுத்தது செதுக்குதல். தரையில் சாய்வாக நட்ட இரும்பு முளையின் கூரில் கல்லைத் தாங்கி, மறுபுறத்தில் கொம்பாலான சுத்தியால் தட்டுவர். அடிபடும் பக்கத்திலன்றி, முளை தொடும் பக்கத்திலேயே சில்லு தெறிக்கும். இம்முறை பல நூற்றாண்டுகளாக மாறவில்லை. இதனைச் செம்மையாகக் கற்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். பின்னர் சாணை பிடித்தல், வைரத்துணுக்கு பதித்த துரப்பணத்தால் துளையிடுதல், மெருகேற்றுதல் ஆகியவை தொடரும். 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி வெளியான கைத்தொழில் ஆய்வு வரிசையில் இத்தொழிலுக்கெனத் தனி நூலே உண்டு. இன்று ஒரு மணியைக் காண்பவர் இத்தனை கைகள் அதன்மீது பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

தூசு தோன்றிய விதம்

துன்பம் சாணை பிடிக்கும் கட்டத்திலேயே மிகுதி. முற்காலத்தில் கல்லின்மேல் கல்லைக் கையால் தேய்த்தனர். மெருகேற்றுவதற்கு மணிகளைத் தேய்ப்புத் தூளோடும் நீரோடும் தோல் பையில் இட்டு, இருவர் இருபுறமும் இழுத்தனர். வேலை மெதுவாக நடந்தது. தூசும் குறைவாக எழுந்தது. மின்சாரச் சாணைச் சக்கரம் வந்தபின் ஒருவர் செய்யும் வேலை பன்மடங்காயிற்று, தூசும் அவ்வாறே ஆயிற்று. உற்பத்தித் திறன் உயர்வு என்று கணக்கில் ஏறிய அதே மாற்றம், சக்கரத்தின் முன் அமர்ந்தவரின் மூச்சில் வேறொரு கணக்கைத் தொடங்கியது.

அகேட் ஏறக்குறைய முழுவதும் சிலிக்காவாலான கல். சாணையில் பறக்கும் தூசில் கண்ணுக்குத் தெரியும் பெருந்துகளை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். மைக்ரான் அளவிலான நுண்துகளோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று தங்கிவிடுகிறது. அங்கே தழும்பு உண்டாகி, நுரையீரல் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். இதனைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தூசை விட்டு விலகிய பின்னரும் நோய் முற்றக்கூடும். மேலும், இந்நோயுற்றவரைக் காசநோய் எளிதில் பற்றும். 1997-ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இத்தூசைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களில் முதல் வகையில் சேர்த்தது.

கம்பாத்தில் சாணைச் சக்கரம் இருப்பது தொழிற்சாலையில் அன்று. வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும்தான். ஆகவே தொழிலாளி மட்டுமன்றி, அருகில் சமைக்கும் பெண்ணும் விளையாடும் குழந்தையும் அதே காற்றைச் சுவாசிக்க நேர்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு வேலைநேரம் முடிந்தால் தூசும் முடியும். இவர்களுக்கு அவ்வாறு இல்லை.

வேலை கொடுப்பவர் யார்?

தூசைக் குறைக்கும் வழி அறியப்படாததன்று. சக்கரத்தில் நீர் சொட்டவிட்டால் தூசு பெரிதும் அடங்கும். தூசை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் சாதனத்தை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இத்தொழிலுக்கெனவே வடிவமைத்தது. ஆயினும் இவை பரவாததன் காரணத்தைத் தொழிலாளியின் அறியாமையில் தேடுவது பிழையான வழக்கம். அதனை விட்டொழிப்பது நலம். வணிகர் கல்லைக் கொடுத்து, முடித்த மணியைப் பெற்று, உருப்படிக் கூலி தருகிறார். ஈரமான கல்லின் பரப்பைப் பார்ப்பது கடினம், வேலை மெதுவாகும், மெதுவானால் அன்றைய கூலி குறையும். உறிஞ்சும் சாதனத்திற்கான மின்கட்டணமும் சாணை பிடிக்கும் குடும்பத்தையே சாரும். பாதுகாப்பின் செலவு முழுவதையும் கூலிக்காரர் ஏற்க, அதன் பயனாக வணிகருக்குக் கிடைப்பது அதே மணி, அதே விலை. இந்நிலையில் எத்தகைய விழிப்புணர்வுப் பிரசாரமும் சிறிதளவே பயன் தரும்.

பொருளாதார நூல்கள் புறச்செலவு என்று கூறுவது இதுவே. ஆலைப் புகையின் புறச்செலவை ஊர் ஏற்கிறது; மணியின் புறச்செலவை அதனைச் செய்தவரே ஏற்கிறார். ஒரு பகுதியை அரசும் ஏற்கிறது என்பது பலர் கவனியாதது. எக்ஸ்ரே படமும் தொழில் வரலாறும் சேர்த்துப் பார்க்கப்படாவிட்டால், சிலிக்கோசிஸ் காசநோய் என்றே பதிவாகிவிடும். அப்போது இலவச மருந்து பொதுநிதியிலிருந்து செல்கிறது. தொழில்நோய்ப் புள்ளிவிவரத்தில் அந்த நோயாளி இடம்பெறுவதில்லை.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கத்தக்க நோயாக வரையறுத்தது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் இதனை ஏற்றது. இவ்விரண்டுக்கும் ஒரு தொழிற்சாலையோ முதலாளியோ தேவைப்பட்டது. முதலாளி இன்னார் என்று காட்டக்கூடிய இடங்களிலேயே நீதி தாமதமாயிற்று என்பதற்குக் கோத்ரா ஒரு சான்று. அங்குள்ள படிகக்கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து சிலிக்கோசிஸால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது; உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு 2016-இல்தான் வந்தது. கம்பாத்தில் ஆலையும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை.

சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

இன்று அணிகலன்களுக்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அது உலோகத்தின் தூய்மைக்குப் பொறுப்பேற்கிறது. 2003 முதல் நடைமுறையிலுள்ள கிம்பர்லி ஏற்பாடு, பட்டை தீட்டாத வைரம் கலகக் கும்பல்களின் போருக்கு நிதியாகவில்லை என்பதற்குப் பொறுப்பேற்கிறது. கம்பாத் அகேட் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அது பிறந்த இடத்திற்கும் தனித்தன்மைக்கும் பொறுப்பேற்கிறது. தீட்டியவரின் நுரையீரலுக்கு இம்மூன்றில் எதுவும் பொறுப்பேற்கவில்லை. வாங்குவோரின் நல்லெண்ணத்தை நம்பித் தனியார் அமைப்புகள் வழங்கும் நெறிமுறை முத்திரைகளும் பட்டறைவரை சென்று பார்க்க இயலும். பல நூறு முற்றங்களைப் பார்வையிடுவது அவற்றால் எளிதில் ஆகாது.

பீடித் தொழில் காட்டிய வழி

வீட்டில் இருந்து செய்யும் வேலைக்கு முதலாளியைக் கண்டுபிடிப்பது இயலாத காரியமன்று. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளைப் பெற்று வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. திருநெல்வேலிப் பகுதியில் இதன் பயனைக் கண்டவர் பலர். வீட்டுத் தொழிலாளருக்கு வருங்கால வைப்புநிதி பொருந்துமா என்ற வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 1985-இல் பொருந்தும் என்றே தீர்ப்பளித்தது. பீடித் தொழிலாளர் அனைவரும் நலம் பெற்றுவிட்டனர் என்று இதற்குப் பொருளன்று. இலையையும் தூளையும் கொடுப்பவரே முதலாளி என்ற நெறி சட்டத்தில் நிலைபெற்றது என்பதே பொருள்.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இதற்குச் சாதகமான கூறுகள் உண்டு, பாதகமானவையும் உண்டு. மின்சாரத்தைப் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்பட, பழைய சட்டத்தில் 10 தொழிலாளர் போதும். புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். சிறு பட்டறைகளைப் பொறுத்தமட்டில் இது பின்னடைவு. எனினும் அபாயகரமான வேலை நடைபெறுமிடத்தில் ஒரே தொழிலாளி இருப்பினும் விதிகளைப் பொருத்துவதற்கு அரசு அறிவிக்கை வெளியிட இடமுண்டு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, தன் வீட்டிலிருந்து ஒரு முதலாளிக்காகப் பொருள் உற்பத்தி செய்பவர் என்று வீட்டுத் தொழிலாளரை வரையறுக்கிறது. கருவி யாருடையது என்பதை அது பொருட்படுத்தவில்லை. சாணைச் சக்கரம் குடும்பத்துக்குச் சொந்தம், ஆகவே அவர்கள் சுயதொழில் செய்வோர் என்ற வாதம் இதன்முன் நிற்காது. அகேட் தீட்டுதலை அபாயகரமான தொழிலாக அறிவித்தல் இவ்விரு கூறுகளையும் இணைக்கும் பாலமாக அமையும்.

நிவாரண நிதிக்கு ராஜஸ்தானின் 2019-ஆம் ஆண்டுக் கொள்கை முன்மாதிரியாகும். அங்கே சிலிக்கோசிஸ் சான்று பெற்ற தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாயும், இறந்தபின் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும் வழங்க வகைசெய்யப்பட்டது. மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இதற்கு ஓர் ஊற்றுக்கண். ஆனால் இவ்வறக்கட்டளைகள் சுரங்கம் உள்ள மாவட்டத்தின் நலனுக்கென அமைந்தவை. கல் தோண்டப்படுவது பரூச் மாவட்டத்தில். தூசைச் சுவாசிப்பது ஆனந்த் மாவட்டத்தில். மாநில அளவில் விதி திருத்தப்பட்டாலன்றி, ஒரு மாவட்டத்தின் கனிம நிதி மறு மாவட்டத்து நோயாளியைச் சென்றடையாது.

இவை யாவற்றுக்கும் முன்னதாக வேண்டுவது ஒரு சாதாரணக் கைப்புத்தகம். கல்லைக் கொடுக்கும் நாள், எடை, கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், தந்த கூலி ஆகியவை அதில் பதியப்பட வேண்டும். மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குச் செல்பவர் அதை மருத்துவரிடம் காட்டினால், அவர் எத்தனை ஆண்டுகள் சாணையில் அமர்ந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று. இழப்பீட்டு அதிகாரியிடம் காட்டினால், யாருக்காக அமர்ந்திருந்தார் என்பதற்கும் அதுவே சான்று.