கோழிக்குஞ்சும் இளவேனில் தோட்டமும்



நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். கலப்பையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நம் நாஞ்சில் நாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வயலைப் பற்றியே பேசுவர். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களும், பேச்சிப்பாறை அணையும், அதன் கால்வாய்களும் அப்பேச்சில் தவறாமல் இடம்பெறும். வீட்டின் பின்புறம் கிணற்றடியில் கிடக்கும் ஐந்து சென்ட் நிலமும், அங்கே கிளறித் திரியும் கோழியும் இடம்பெறுவதில்லை. அவ்விரண்டையும் பற்றியே இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். குஞ்சு வளர்ப்பது ஒரு வேலை, தோட்டம் போடுவது வேறொரு வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை ஒரே வேலையின் இரு பாதிகள். அவ்வேலை நடுவில் அறுந்துபோகாமல் காப்பதற்குச் சில துளி மருந்தும் வேண்டும். இதுவே என் பேச்சின் சாரம்.

முதலில் காலத்தைக் கவனிப்போம். கும்பப்பூ அறுவடை மாசியில் முடிகிறது. அதன்பின் கால்வாயில் நீர் வரத்து நின்றுவிடும். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து பாசனத்திற்கு மீண்டும் நீர் திறப்பது வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் கிணற்று நீரையும், வீட்டில் பாத்திரம் கழுவிய நீரையும் நம்பியே வெள்ளரி, தடியங்காய், பாகல், புடலை, சீனியவரை, கீரை முதலியன விளைய வேண்டும். வெள்ளரிக்காய் முற்றிப் பொன்னிறம் பெற ஏறத்தாழ 60 முதல் 70 நாட்கள் ஆகும். ஆதலின் தை மாதக் கடைசியில் விதை ஊன்றினால், சித்திரை விஷுவன்று கனி காணும் தட்டில் கொன்றைப் பூவோடு நம் வீட்டு வெள்ளரியே அமர்ந்திருக்கும்.

கீரை விதைக்கும் அன்றே ஒரு நாட்டுக்கோழியை அடைவைத்துப் பாருங்கள். ஒரு கோழியின் உடற்சூடு பத்துப் பன்னிரண்டு முட்டைகளுக்குப் போதும். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையைக் கைவிளக்கின் முன் பிடித்தால், கரு வளரும் முட்டையில் சிலந்திவலை போலச் செந்நிற நரம்புகள் தெரியும். நரம்பு தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும். அதே வாரத்தில் கீரையும் பறிப்புக்கு வந்துவிடும். உயிரியல் பாடத்திற்கு இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறெங்கே உண்டு?

பொரிந்த குஞ்சு முதல் இரண்டு நாட்கள் வயிற்றினுள் எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே உயிர்வாழ வல்லது. உணவைக் காட்டிலும் அதற்கு அப்போது இன்றியமையாதது சூடு. முதல் வாரம் அது இருக்குமிடத்தில் 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ 3 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். தாய்க்கோழி இருப்பின் அதன் இறகே போதும். தாயில்லாக் குஞ்சுகளுக்கு, உமி பரப்பிய தரையின் மேல், குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில் பழைய இழை விளக்கைத் தொங்கவிடுவது வழக்கம். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது ஒளியைத் தருமேயன்றிப் போதிய வெப்பத்தைத் தராது. வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டா. குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்தால் குளிர் என்று பொருள். விலகிச் சென்று வாய் திறந்து இளைத்தால் சூடு மிகுதி என்று பொருள். எங்கும் பரவி நின்று மேய்ந்தால் எல்லாம் நலம் என்று பொருள்.

இனித் தோட்டத்திற்குள் வருவோம். கோழி ஏன் ஓயாது மண்ணைக் கிளறுகிறது? அதன் முன்னோர் காட்டில் உதிர்ந்த சருகைக் கிளறி இரை தேடியவை. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் செந்நிறக் காட்டுக்கோழி. ஆயினும் கோழியின் கால்களில் காணும் மஞ்சள் நிறத்திற்குரிய மரபுக்கூறு, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் முற்றத்துக் கோழிக்கும் நம் மலைக்கும் உறவு உண்டு என்பது எத்துணை மகிழ்ச்சி தரும் செய்தி!

கிளறும் இயல்பைத் தடுக்க முயல்வதைவிட அதைப் பயன்படுத்திக்கொள்வதே அறிவுடைமை. நாற்று இளசாக இருக்கும்போது ஓலைத் தட்டி கட்டிக் கோழியை விலக்க வேண்டும். கொடி பந்தலில் ஏறியபின் தட்டியை எடுத்துவிடலாம். பாகற்பந்தலின் நிழல் குஞ்சுகளை வெயிலினின்றும் காக்கும். பருந்தின் கண்ணினின்றும் மறைக்கும். பாகற்காயைக் கெடுக்கும் பழ ஈயின் புழு, காயிலிருந்து கீழே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாறுகிறது. அதைக் கிளறித் தின்பதற்குக் கோழியைவிடத் தேர்ந்த வேலையாள் இல்லை. குருணையும் தவிடும் உணவாகும். ஒரு பழைய மண்பானையில் வைக்கோல், சாணம், கிழிந்த சாக்கு ஆகியவற்றை நீர் தெளித்து அடைத்து, மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் அதில் ஏறியிருக்கும் கரையான் குஞ்சுகளுக்கு நல்ல புரத உணவாகும்.

தோட்டம் குஞ்சுக்கு இவ்வளவு தருகிறது. கோழி தோட்டத்திற்குத் தருவது யாது? பறவைகள் தம் உடலின் தழைச்சத்துக் கழிவைச் சிறுநீராகப் பிரித்து வெளியேற்றுவதில்லை. எச்சத்தில் வெண்மையாகக் காணப்படும் யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகின்றன. அதனால் மாட்டுச்சாணத்தைவிடக் கோழி எருவில் தழைச்சத்து பல மடங்கு மிகுதி. அதைப் பச்சையாக வேரில் இட்டால் அமோனியா எழுந்து செடி கருகிவிடும். எச்சம் கலந்த உமியைச் சருகோடும் சாணத்தோடும் கலந்து, ஈரம் காத்து, ஓரிரு மாதம் மக்கவிட்டு இடுவதே முறை. மாசியில் சேரும் எரு சித்திரை, வைகாசி விதைப்புக்கு உதவும்.

இது புதிய கருத்து அன்று. நம் மாவட்டம் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1920-களில், மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். நல்லினக் கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு முதலியவற்றை அவர் சிற்றூர்களில் பரப்பினார். முட்டைகளைக் கூட்டாகச் சேர்த்து விற்கவும் வழி செய்தார். தம் அனுபவங்களை 1932-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். ஏழைக்கு உதவி செய்வதைவிட, அவன் தனக்குத் தானே உதவிக்கொள்ளக் கற்பிப்பதே மேல் என்பது அவர் கொள்கை. வீட்டோரத்துக் கோழி அதற்கு ஏற்ற தொடக்கமாக அமைந்தது.

அங்ஙனமாயின், பல வீடுகளில் கோழி வளர்ப்பைக் கைவிட்டது ஏன்? நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார், முட்டை விற்ற காசைக் கடுகு டப்பாவில் சேர்த்துவைத்து மகனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டுவார். ஒரு பங்குனியில் அவர் வளர்த்த கோழிகளும் குஞ்சுகளும் ஒரே வாரத்தில் மடிந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சுத் திணறல், முறுக்கிய கழுத்து, பின் சாவு. "கண் பட்டுவிட்டது, சார்" என்று அந்த அம்மையார் சொன்னார். கண்படவில்லை, அது வெள்ளைக்கழிச்சல் நோய். இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் 1927-இல் இந்நோய் கண்டறியப்பட்டதால், நம் நாட்டில் இதனை இராணிக்கேட் நோய் என்றும் வழங்குவர். இதற்குக் காரணம் ஒரு நச்சுயிரி. நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு.

குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி. எட்டாம் வாரம் இறக்கையின் தோலடியில் ஓர் ஊசி. இவ்வளவே. மருந்தை வெயிலில் கொண்டுவந்தால் அதன் வலிமை அழியும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும். நோய் கண்ட வீட்டினர் எஞ்சிய கோழிகளை அவசரமாகச் சந்தையில் விற்பது, நோயை ஊரெங்கும் விற்பதற்கு ஒப்பாகும். இறந்தவற்றைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். ஓடையில் எறிதல் கூடாது. தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறை, கோடைக்கு முன்னர்ப் பெப்ரவரி மாதத்தை ஒட்டிக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களைக் கட்டணமின்றி நடத்துவது வழக்கம். நாம் வெள்ளரி விதை ஊன்றும் பருவமும் அதுவே.

மாணவர்களே, உங்கள் தெருவில் கோழி வளர்ப்போர் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். அவர்களுள் பலர் செய்தித்தாள் படிக்காத பாட்டிமாராக இருப்பர். முகாம் எந்த நாள் என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டறிந்து, முந்திய நாள் மாலையில் வீடு வீடாகச் சென்று சொல்லுங்கள். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்தபின் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வைத்தால், காலையில் அவற்றைத் துரத்திப் பிடிக்கும் தொல்லை இராது. நீங்கள் கற்ற கல்வி அவ்வீட்டுக் கடுகு டப்பாவுக்குக் காவலாக நிற்கட்டும்.