வேகம் தணியுங்கால் எழும் ஓசை

கோலார் தங்கவயலில் வாழும் நம் தமிழ் மக்களுக்கு அமுக்கிய காற்றின் ஆற்றலைப் பற்றிப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் சென்ற முன்னோர், குழாய் வழியே வந்த அமுக்கக் காற்றினால் இயங்கிய துளைக்கருவிகளைக் கையில் தாங்கிப் பாறையைக் குடைந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்றது. அக்கருவிகளின் பேரோசையில் நாள்தோறும் நின்று செவிப்புலன் மங்கியோர் உண்டு. ஓசை தொழிலோடு பிறந்தது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது.

2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புவது பல குடும்பங்களின் வாழ்க்கையாயிற்று. வாகனம் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் பலருக்குப் பிழைப்பாயின. இத்தகையோர் இன்று அடிக்கடி எதிர்ப்படும் ஓர் ஓசையைப் பற்றியே இங்கு ஆராய விழைகிறோம். டர்போசார்ஜர் பொருத்திய வண்டி விரைந்து செல்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுக்கிறார். உடனே முன்புறத்திலிருந்து புறா சிறகடிப்பது போன்ற ஒரு படபடப்பு எழுந்து அடங்குகிறது. இஃது யாது? எங்ஙனம் தணிப்பது?

டர்போசார்ஜரின் அமைப்பு எளிதே. எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாக வீணே வெளியேறுகிறது. அப்புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறு முனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்று கண்டவர் ஸ்விட்ஸர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூக்கி. 1905ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல்களிலும் பெரிய டீசல் எஞ்சின்களிலும் இடம்பெற்ற இக்கருவி, 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களில் ஏறியது. 2020 ஏப்ரலில் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்று சிறிய பெட்ரோல் கார்களிலும் டர்போசார்ஜரைக் காண்கிறோம். சிறு காரின் டர்போ சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் எளிதில் தாண்டிச் சுழல்வது.

இனி ஓசைக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் காற்றின் அளவை ஒரு தகடு கட்டுப்படுத்துகிறது. அதனைத் திராட்டில் என்பர். காலை எடுத்ததும் தகடு மூடிக்கொள்கிறது. ஆனால் அத்தனை வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் அக்கணமே நின்றுவிடுமா? அது மேலும் மேலும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் வாயிலை நோக்கி விரையும்போது கதவைச் சாத்திவிட்டால் என்ன நேரும்? பின்னால் வருவோர் நெருக்க, முன்னால் நின்றோர் இடமின்றித் திரும்பி மோதுவர். காற்றின் நிலையும் இதுவே. ஓட்டம் குன்றியதும் சக்கரத்தின் இதழ்களைக் காற்று ஏறுமாறான கோணத்தில் தாக்குகிறது; இதழ்களின் பிடி நழுவுகிறது; குழாயில் அடைபட்ட காற்று சக்கரத்தின் ஊடாகவே பின்னோக்கிப் பாய்கிறது. பாய்ந்தவுடன் குழாயில் அழுத்தம் குறைகிறது. சக்கரம் மீண்டும் பிடித்துத் தள்ளுகிறது, மீண்டும் அழுத்தம் ஏறுகிறது, மீண்டும் பின்னோட்டம். ஒரு விநாடிக்குள் இது பல முறை நிகழ்வதையே நாம் படபடப்பாகக் கேட்கிறோம். பொறியாளர் இதனை ‘ஸர்ஜ்’ என்று குறிப்பர். எஃகாலைகளில் இயங்கும் பெரிய காற்றமுக்கிகளுக்கும் இந்நோய் உண்டு.

நோய் என்றது வேண்டுமென்றேதான். ஒவ்வொரு பின்னோட்டத்திலும் தண்டு முன்னும் பின்னும் உந்தப்படுகிறது. அந்த உந்துதலைத் தாங்குவது ஒரு சிறு பேரிங். அது தேய்ந்தால் தண்டு ஆடும். ஆடினால் இதழ் கூட்டில் உரசும். ஆகவே ஓசையை மட்டும் பஞ்சு சுற்றி அடக்குவதில் பயன் இல்லை.

பரிகாரம் என்ன? அடைபட்ட காற்றுக்கு வேறொரு வழி திறந்துவிடுவதே. சக்கரத்திற்கும் திராட்டில் தகட்டிற்கும் இடையே ஒரு வால்வு பொருத்தப்படுகிறது. அதன் உள்ளே ஒரு சவ்வும் ஒரு வில்லும் உள்ளன. தகடு மூடியதும் தகட்டிற்கு அப்பால் எஞ்சின் பக்கத்தில் வெற்றிடம் உண்டாகிறது, ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் வழியே அவ்வெற்றிடம் சவ்வை இழுக்கிறது, வால்வு திறக்கிறது, மிகுந்த காற்று சக்கரத்தின் நுழைவாயிலுக்கே திரும்பிப் போய்ச் சேர்கிறது. சக்கரமும் தடையின்றிச் சுழல்கிறது, படபடப்பு எழுவதில்லை. இன்றைய கார்கள் பலவற்றில் சவ்வுக்குப் பதிலாக மின்காந்தம் இவ்வேலையைச் செய்கிறது.

ஆயினும் வால்வு திறக்கும்போது காற்று சீறிப் பாயும் ஓசை ஒன்று புதிதாகப் பிறக்கிறது. இதனையும் தணிக்க வழிகள் உள. வால்வைச் சற்றே படிப்படியாகத் திறக்கச் செய்யலாம். திரும்பும் குழாயை எதிர்த்து மோதாமல் ஓட்டத்தோடு சாய்வாக இணைக்கலாம். குழாயின் பக்கத்தில் ஒலியை விழுங்கும் சிறு வெற்றறை அமைக்கலாம். திராட்டிலை மின்னணு முறையில் இயக்கும் வண்டிகளில் தகட்டைக் கண நேரம் தாமதித்து மூடுவதும் உண்டு. சக்கரத்தின் கூட்டில் வளையமாக ஒரு பிளவு வெட்டி, தடுமாறும் காற்றை அதன் வழியே முன்புறம் திருப்புவது மற்றொரு முறை.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் இருப்பதற்கில்லை. இவ்வோசையை நீக்கப் பொறியாளர் இத்தனை பாடுபட, இளைஞர் சிலர் பணம் கொடுத்து அதனை வரவழைத்துக்கொள்கின்றனர்! வால்வை அடைத்துவிட்டால் படபடப்பு; காற்றை வெளியே திறந்துவிட்டால் சீறல். உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் ஊட்டும் வண்டியில், அளந்த காற்றை வெளியே விட்டால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும் என்பது மெய்தான்; மெக்கானிக்கும் பார்ப்பார்.

டீசல் எஞ்சினின் கதை சிறிது வேறு. பழைய அமைப்பில் காற்றுவழியைத் தகடு மூடுவதில்லை, எரிபொருள்தான் குறைக்கப்படுகிறது. வி.கோட்டா வழியாகப் பேரணாம்பட்டுக்கு மலைச்சாலையில் இறங்கும் லாரி கீரிலேயே வரும்போது எஞ்சின் தொடர்ந்து காற்றை உறிஞ்சுவதால் ஓசை அரிது. விசையோடு ஏறுகையில் கிளட்சை மிதித்து கீர் மாற்றும் கணத்தில், எஞ்சின் சுழற்சி சட்டென விழுந்து டர்போ விழாதிருந்தால், அங்கு கேட்கலாம். புகைக் கட்டுப்பாட்டிற்காகத் தகடு சேர்க்கப்பட்ட புதிய டீசல் எஞ்சின்களில் அத்தகடு மூடும் வேகத்தையும் கவனிக்க வேண்டியுள்ளது.

தங்கவயலிலேயே மண்வாரி இயந்திரங்கள் உருவாகின்றன. 1964இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கு உள்ளது. அதன் எஞ்சின் பிரிவு மைசூரில் இருக்கிறது. புல்டோசரின் கால்மிதி காரினதற்கு நேர்மாறானது: கைப்பிடியால் எஞ்சின் வேகத்தை நிறுத்தி வைத்து, மிதியை அழுத்தி வேகத்தைக் குறைப்பர். ஆதலால் அங்கு இவ்வோசையைத் தேடுவோர், கால் எழும்போதன்றிக் கால் அழுந்தும்போது செவிகொடுக்க வேண்டும்.

முன்பு அமைதியாக இருந்த பெட்ரோல் கார் திடீரெனப் படபடத்தால், டர்போசார்ஜரையே மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்லக் கேட்டு அஞ்ச வேண்டா. முதலில் அந்த மெல்லிய ரப்பர்க் குழாயைப் பாருங்கள். வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம். அடுத்து வால்வின் சவ்வு கிழிந்துள்ளதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மின்காந்த வால்வாயின் அதன் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தும் ஓசை நீங்காவிடில், எஞ்சின் நன்கு ஆறிய பின் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். புலப்படும் அளவிற்கு அசைந்தாலோ, இதழ்களில் உரசல் தென்பட்டாலோ, அதன் பின்னரே டர்போசார்ஜரைக் கழற்றும் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.